என் மனைவிக்கு ஒரு டிக்கெட்

நான் ஒரு பழமைவாதி. இந்தப் பட்டத்தை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை. இலவசமாகக் கொடுத்திருந்தால் வாங்கியிருக்கவும் மாட்டேன். அரசாங்கம் சாலை போடட்டும், திருடனைப் பிடிக்கட்டும், ஏரியைத் தூர்வாரட்டும். அதற்குமேல் குடிமகன் வீட்டுக்குள் எட்டிப் பார்த்து மிக்சி வேண்டுமா, மின்விசிறி வேண்டுமா என்று விசாரிக்கிற வேலை அதற்கு வேண்டாம் என்பது என் கட்சி. கட்சி என்றால் கொடியும் சின்னமும் உள்ள கட்சி இல்லை. அந்த வகையில் எனக்குப் பொருத்தமானது இன்றுவரை அகப்படவில்லை. எல்லாருமே கொடுக்கிறவர்கள். ஒருவர் கொடுப்பதை இன்னொருவர் மேடையேறித் திட்டுவார், பிறகு தேர்தல் வந்ததும் அதைவிடப் பெரிதாகக் கொடுப்பார்.

கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அடுத்தவர்களின் பில்லில் குறை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியே பதவி உயர்வு வாங்கினேன். இப்போது செங்கல்பட்டில் சொந்த வீட்டில் நானும் மனைவியும் இருக்கிறோம். மகன் கூடுவாஞ்சேரியில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறான். வியாழக்கிழமைதோறும் காலை ஒன்பதரைக்கு ஓய்வூதியர் சங்கத்துக்குப் போய்விடுவேன். அங்கே முதல் பாதியில் அகவிலைப்படியை உயர்த்தச் சொல்லித் தீர்மானம் போடுவோம். டீ வந்ததும் இரண்டாம் பாதியில், அரசாங்கப் பணத்தை வாங்கிச் சாப்பிட்டு ஜனங்கள் சோம்பேறியாகிவிட்டதைப் பற்றி வருத்தப்படுவோம். இந்த இரண்டுக்கும் நடுவில் யாரும் சிரித்து நான் பார்த்ததில்லை. இரண்டு மணிக்கு வீடு திரும்பினால் சாப்பாடு ஹாட்பேக்கில் சூடாக இருக்கும்.

கொள்கையை நான் வாயோடு நிறுத்திக்கொள்ளவில்லை. ரேஷன் கார்டுக்கு ஒன்று என்று கிரைண்டர் கொடுத்த காலத்தில், வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். தெருவே வியந்தது. அப்புறம் நாங்களாக ஒன்று வாங்குவதற்கு இரண்டு வருடம் பிடித்தது. அந்த இரண்டு வருடமும் என் மனைவி ஊறவைத்த அரிசியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய், அவர்கள் வாங்கிய இலவச கிரைண்டரில் மாவு அரைத்து வந்தாள். இட்லி நன்றாகவே இருந்தது. கொள்கை என்னுடையது, நடை அவளுடையது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மற்றபடி என் வீட்டில் எனக்குத் தெரியாமல் எதுவும் நடக்காது. குடும்பம் என்றால் ஒரு தலை இருக்க வேண்டும், அந்தத் தலைக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். இந்த நம்பிக்கையோடுதான் போன தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாமல்லபுரத்துக்குப் புறப்பட்டேன். என் மனைவியின் பெரியப்பா மகன் அங்கே வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் வைத்திருந்தார். காரை மகன் எடுத்துப் போயிருந்தான். வெளிநாட்டிலிருந்து வந்த நண்பர்களுக்கு வேடந்தாங்கலில் பறவை காட்ட வேண்டுமாம். சொந்த நாட்டுப் பெற்றோருக்கு டவுன் பஸ்.

நான் டவுன் பஸ் ஏறிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. கண்டக்டர் வந்தார். நான் "மாமல்லபுரம் ரெண்டு" என்றேன். அவர் எனக்கு ஒரு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். என் மனைவி கையில் இன்னொரு டிக்கெட்டை வைத்தார். அதற்குக் காசு கிடையாது.

"அவங்களுக்கும் காசு எடுத்துக்கப்பா" என்றேன்.

"லேடிசுக்கு ஃப்ரீ சார்."

"தெரியும். எங்களுக்கு வேண்டாம்."

"வேணும் வேணாம்லாம் இல்ல சார். மிஷின்ல அந்த மாதிரி போட முடியாது. காசு வாங்கினா எனக்கு மெமோ குடுத்துடுவாங்க."

எனக்குள் இருந்த கருவூலக்காரன் விழித்துக்கொண்டான். "வாங்கக் கூடாது என்று உத்தரவா, கொடுக்கக் கூடாது என்று உத்தரவா? இரண்டும் வேறு. உத்தரவு நகல் இருக்கிறதா?"

"சார், எறங்கிக்கிறீங்களா?"

பஸ் இன்னும் ஸ்டாண்டை விட்டு நகரவில்லை. முன்னால் இருந்து ஒரு குரல், "யோவ் பெரியவரே, டப்பு ஜாஸ்தியா கீதுன்னா இங்க குடு, காலங்காத்தால பேஜார் பண்ணிகினு" என்றது. நான் அசரவில்லை. ஒரு வழி தோன்றியது. "எனக்கே இன்னொரு டிக்கெட் கொடு. ஆண் இரண்டு." கண்டக்டர் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுக் கொடுத்தார். ஆக, இரண்டு பேருக்கு மூன்று டிக்கெட். அரசாங்கத்தை ஜெயித்துவிட்டேன்.

அப்போதுதான் கண்டக்டர் என் மனைவியிடம் திரும்பினார். "இன்னாம்மா, வியாழக்கிழம ஆனா கம்முனு வந்து ஜன்னலாண்ட குந்திகினு போவீங்களே. இன்னிக்கு யாரு இவுரு, கூட வந்தவரா?"

"வீட்டுக்காரரு" என்றாள் என் மனைவி.

பஸ் சிரித்தது. ஜன்னலோரம் கூடையோடு இருந்த பூக்காரி நகர்ந்து இடம் விட்டாள். "வாக்கா, நீ குந்து. இவுரு உன் வூட்டுக்காரரா? சொல்லவே இல்லியே" என்றாள். என் மனைவி உட்கார்ந்தாள். எனக்கு இடமில்லை. இரண்டு டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு திருக்கழுக்குன்றம் வரை கம்பியைப் பிடித்தபடி நின்றேன்.

வியாழக்கிழமை. அந்த ஒரு வார்த்தைதான் வழி முழுக்க மண்டையில் ஓடியது. வியாழக்கிழமை அவள் பக்கத்துக் கோயிலில் தட்சிணாமூர்த்திக்கு விளக்குப் போடுகிறாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவள் சொன்னதில்லை, நானாக நினைத்துக்கொண்டது. எனக்கு அறுபத்தேழு வயது, அவளுக்கு அறுபத்து மூன்று. இந்த வயதில் சந்தேகம் என்றால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். இருந்தாலும் எங்கே போகிறாள், யாரைப் பார்க்கிறாள், எதற்காக என்னிடம் மறைத்தாள்? கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில் பயமும் இருந்தது, அதை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

கிரகப்பிரவேச வீட்டில் ஹோமப்புகை இன்னும் போகவில்லை. பந்தியில் என் எதிர்ப் பக்கத்து இலையில் மனைவி. எனக்குப் பக்கத்தில் புது வீட்டுக்காரர், அவளுடைய அண்ணன். எங்கள் இருவருக்கும் அரசியலில் ஒரே கருத்து. பார்த்துக்கொண்டால் பேச்சு தானாக அங்கேதான் போகும்.

"பஸ்ஸு ஃப்ரீன்னு உட்டதிலேர்ந்து பாத்தியா மாப்ள," என்று ஆரம்பித்தார். "பொம்பளைங்க வேல வெட்டி இல்லாம சும்மா சுத்திகினு கீறாங்க. நாலு தெரு நடக்கிறவ எல்லாம் நாப்பது மைல் போறா. நீ இன்னா சொல்றே?"

இதே வாக்கியத்தைச் சங்கத்தில் நான் பல தடவை சொல்லியிருக்கிறேன். இன்னும் நல்ல தமிழில் சொல்லியிருக்கிறேன். வாயைத் திறந்தேன். எதிரே என் மனைவி அப்பளத்தை மெதுவாக ஒடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. வாழ்நாளில் முதல் முறையாக ஓர் இலவசத்தைப் பற்றிக் கருத்துச் சொல்லாமல் பாயசம் குடித்தேன். "இன்னா மாப்ள, ஒடம்பு சரியில்லியா?" என்று அவர் கேட்டார்.

சாப்பிட்டு முடித்ததும் மனைவி, "கடலுக்குப் போய்ட்டுப் போலாமா?" என்றாள். சரி என்று நடந்தோம். எனக்குத் தெரிந்த மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலும் அதன் டிக்கெட் கவுன்டரும்தான். அவள் அந்தப் பக்கமே திரும்பவில்லை. சிப்பி மாலை விற்கும் கடைகளைத் தாண்டி, மீன் பொரிக்கும் ஓட்டல்களைத் தாண்டி, படகுகள் ஏற்றி வைத்திருந்த மணலுக்குப் போனாள். வழி கேட்கவில்லை. ஒரு நீலப் படகின் நிழலில் முந்தானையால் மணலைத் தட்டிவிட்டு உட்கார்ந்தாள். இடம் அவளுடையது என்று பார்த்தாலே தெரிந்தது. வெள்ளை வேட்டியில் மணல் ஒட்டுமே என்று யோசித்துவிட்டு நானும் உட்கார்ந்தேன்.

"வியாழக்கிழமை இங்கதான் வர்றியா?"

"ஆமா."

"எத்தனை நாளா?"

"ஒன்றரை வருஷம் இருக்கும்."

"யாரைப் பாக்க?"

"யாரையும் இல்ல."

"அப்ப இங்க என்ன பண்ணுவே?"

"உக்காந்துகினு இருப்பேன்."

"அப்புறம்?"

"அப்புறம் எழுந்து பஸ் புடிப்பேன். நீங்க வர்றதுக்குள்ள வந்துடுவேன்."

ஒரு திருட்டுப் பயல் கூட இவ்வளவு குறைவாக வாக்குமூலம் கொடுக்க மாட்டான். மறைக்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். மறைப்பதற்கு அவளிடம் எதுவும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. மறைத்திருந்தால் கண்டுபிடித்திருப்பேன், அது எனக்குக் கைவந்த வேலை.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே கார்ல கூட்டிட்டு வந்திருப்பேன். இல்ல, பஸ்ஸுக்குக் காசு குடுத்திருப்பேன். இத்தனை வருஷத்துல நீ கேட்டு நான் இல்லேன்னு சொல்லியிருக்கேனா?"

"சொன்னதே இல்ல" என்றாள். உடனே சொன்னாள், மனசாரச் சொன்னாள். பிறகு கடலைப் பார்த்துக்கொண்டு, "கேக்கணுமே" என்றாள்.

அவளே தொடர்ந்தாள்.

"எங்க போறே, எதுக்குப் போறே, எப்ப வருவேன்னு மூணு கேப்பீங்க. எங்கன்னு சொல்லிடுவேன். எப்பன்னும் சொல்லிடுவேன். எதுக்குன்னா இன்னா சொல்றது? கடலப் பாக்கன்னு சொன்னா, போன தடவதானே பாத்தேன்னு சொல்லுவீங்க."

சொல்லியிருப்பேன். அதே வார்த்தைகளில் சொல்லியிருப்பேன். சொல்லிவிட்டுக் காசும் கொடுத்திருப்பேன்.

எனக்கு வெட்கமாக இருந்தது. முப்பது வருடமாக நான் மேடை கிடைத்த இடத்தில் எல்லாம் பேசியது ஒன்றுதான். குடிமகன் எதற்கெடுத்தாலும் அரசாங்கத்தின் வாசலில் போய் நிற்கக்கூடாது, நின்றால் முதுகெலும்பு போய்விடும். அப்படிப் பேசிய நான் வீட்டில் ஒரே ஒரு குடிமகளை வைத்துக்கொண்டு ஒரு முழு அரசாங்கமே நடத்தியிருக்கிறேன். மனு உண்டு, விசாரணை உண்டு, ஒப்புதல் உண்டு. எதையும் நிராகரித்ததில்லை என்பதால் அதை நல்லாட்சி என்று நினைத்திருந்தேன்.

இதை வைத்து நான் இலவசங்களின் பக்கம் சாய்ந்துவிட்டேன் என்று யாரும் சந்தோஷப்பட வேண்டாம். அந்த பஸ்ஸுக்கு டீசல் வானத்திலிருந்து வருவதில்லை, யாரோ ஒருவர் தலையில்தான் விழுகிறது என்று இன்றும் சொல்வேன். ஆனால் அந்த அரசாங்கம் அவளிடம் எதுக்கு என்று கேட்கவில்லை. கை நீட்டிய இடத்தில் டிக்கெட்டை வைத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டது. நான் கேட்டுக்கொண்டிருந்த சின்ன அரசாங்கம் அதுதான் போலிருக்கிறது. தப்பான முகவரியில் தேடியிருக்கிறேன்.

சங்கத்தில் இதைச் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தேன். தலைவர் தண்ணீர் குடிப்பார். செயலாளர் அடுத்த பொருளுக்குப் போவோம் என்பார். சொல்லப் போவதில்லை.

வெயில் சாய்ந்ததும் எழுந்தோம். திரும்பும் பஸ்ஸில் கூட்டம் இல்லை. எனக்கு மட்டும் ஒரு டிக்கெட் வாங்கினேன். இருவரும் சேர்ந்து உட்கார்ந்தோம், அவள் ஜன்னல் பக்கம். பஸ் கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் கேட்டேன்.

"அடுத்த வியாழக்கிழமை நானும் வரட்டுமா?"

அவள் பதில் சொல்லவில்லை. காதில் விழவில்லையோ என்று நினைத்தேன். விழுந்திருக்கும், நான் மெதுவாகப் பேசும் ஆள் இல்லை. திரும்பக் கேட்கலாமா? கேட்டால் நச்சரிப்பதாக ஆகுமா? கேட்ட விதம் சரியில்லையோ? காரணம் ஏதாவது சேர்த்துக் கேட்டிருக்க வேண்டுமோ? சங்கத்துக்கு லீவு போட்டுவிடுகிறேன், உனக்குத் துணையாக இருக்கும், டாக்டர் என்னை நடக்கச் சொல்லியிருக்கிறார் என்று மூன்று காரணங்களைத் தயார் செய்தேன். ஒவ்வொன்றும் மனதுக்குள்ளேயே அற்பமாகத் தெரிந்தது. வயல்கள் போயின, செங்கல் சூளை போயிற்று. அவள் முகத்தைப் பார்ப்பதும் பார்க்காதது போல் இருப்பதுமாக வந்தேன். ஒருவரிடம் ஒன்றைக் கேட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது இவ்வளவு சிரமம் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. அவளுக்கு இது நாற்பது வருடப் பழக்கம்.

திருக்கழுக்குன்றம் மலை தெரிய ஆரம்பித்தபோது அவள் என் பக்கம் திரும்பினாள். குரலில் கோபம் இல்லை. வருத்தமும் இல்லை.

"வியாழக்கிழம வேணாங்க" என்றாள். "ஞாயித்துக்கிழம வேணா போலாம்."

எதுக்கு என்று கேட்க வாயெடுத்தேன். சரி என்றேன்.