நாற்பத்திரண்டாம் நாள் தோசை

என் மகளுக்கு இருபத்தெட்டு வயது வரை மேல் முன்பற்களும் கீழ் முன்பற்களும் ஒன்றையொன்று தொட்டதில்லை. கீழ்த்தாடை அவ்வளவு முன்னால் நீண்டிருந்தது. எதையும் கடைவாயில் ஒதுக்கித்தான் கடிப்பாள். தாடையை அறுத்துப் பின்னுக்குத் தள்ளிப் பொருத்தலாம் என்று டாக்டர் சொன்னபோது, மூன்று வருடம் நான் வேண்டாம் என்றேன். முகமே மாறிப்போய், ஏன் செய்துகொண்டோம் என்று அவள் வருந்தினால் என்ன செய்வது? நான்காம் வருடம் என்னைக் கேட்காமலே தேதி வாங்கிவிட்டாள்.

ஆபரேஷனுக்குப் பிறகு ஆறு வாரம் கஞ்சியும் பழச்சாறும்தான். வேளைக்கு எத்தனை கரண்டி என்று காலண்டரில் குறித்தேன். கீழுதடு மரத்துப்போயிருந்ததால் கஞ்சி வழிந்தாலும் அவளுக்குத் தெரியவில்லை. "உணர்ச்சி வந்துதாம்மா?" என்று நாளுக்கு நான்கு தடவை கேட்டேன். அவள் பதில் சொல்வதையே நிறுத்திவிட்டாள். வருந்துகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

நாற்பத்திரண்டு நாள் முடிந்ததும், மறுநாள் காலை முறுகலாக ஒரு தோசை வார்த்துக் கொடுத்தேன். அவள் பாதி தின்றிருந்தபோது டாக்டரின் சீட்டை மறுபடி பார்த்தேன். ஆபரேஷனுக்கு மறுநாளிலிருந்து எண்ணச் சொல்லியிருந்தார். கொடியேறும் நாளையே உற்சவத்தின் முதல் நாளாக எண்ணிப் பழகிய ஸ்ரீரங்கத்துக்காரன் நான். காலண்டரில் ஆபரேஷன் நாளையே ஒன்று என்று போட்டிருந்தேன். டாக்டர் கணக்கில் அன்றுதான் நாற்பத்திரண்டாம் நாள், இன்னும் ஒரு நாள் பாக்கி.

தட்டைப் பிடுங்கினேன். "கணக்கு தப்பிடுச்சும்மா. வலிக்குதா?"

"தட்டைப் பிடுங்கினதுதான் வலிக்குது."

ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து திருச்சி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டர் தாடையை அழுத்திப் பார்த்தார்.

"நல்லா கூடியிருக்குங்க ஐயா. ஒரு நாள்ல ஒண்ணும் ஆகாது."

நர்ஸ் நோயாளிகளின் கருத்தைக் குறிக்கும் தாள் ஒன்றை எடுத்து வந்து மகளிடம் கேள்விகள் கேட்க ஆரம்பித்தார். உதடு இன்னும் மரத்துத்தான் இருக்கிறது என்றாள். நான் தரையைப் பார்த்தேன்.

"மறுபடி முதல்லேருந்து முடிவெடுக்கணும்னா இந்த ஆபரேஷனைப் பண்ணிப்பீங்களா?"

"பண்ணிப்பேன் சிஸ்டர். அந்த ஆறு வாரம் எங்கப்பாவை மட்டும் நீங்க அட்மிட் பண்ணி வச்சுக்கணும்." நர்ஸ் சிரித்தார். இவள் விடவில்லை. "வாழ்க்கையில மொத தடவையா இன்னைக்குத்தான் தோசையை முன்பல்லால கடிச்சேன். பாதியில பிடுங்கிட்டார்."

நர்ஸ் தாளில் எழுதினார். எட்டிப் பார்த்தேன். 'முழுத் திருப்தி' என்றிருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தேன்.