கொரியத் தேர்தலும் அரியரத்தினம் அண்ணையின் கணக்கும்

ஜெர்மனியின் ஹாம் நகரத்துக் கம்பித் தொழிற்சாலையில் வேலை செய்த எங்கள் ஆட்களுக்குத் தேர்தல் என்றால் அரியரத்தினம் அண்ணைதான். கொழும்போ டில்லியோ சென்னையோ, எங்கே தேர்தல் வந்தாலும் இடைவேளையில் அவரைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். கருத்துக்கணிப்பு எதையும் பார்க்கமாட்டார். ஒரேயொரு கேள்விதான் கேட்பார்.

"செத்தவீடுகளுக்கு ஆர் போறவன்?"

அதுதான் அவருடைய கணக்கு. கலியாணத்துக்கு எவனும் போவான், சாப்பாடு இருக்கிறது. செத்தவீட்டுக்குப் போய்க் கடைசிவரை நிற்கிறவனைச் சனம் மறக்காது, வோட்டு அவனுக்குத்தான் என்பார். பலமுறை பலித்தும் இருக்கிறது. ஜெர்மன் தேர்தலில் மட்டும் சறுக்கிவிடும். "இவங்கள் கடிதம் போட்டுக் கூப்பிட்டால்தானே செத்தவீட்டுக்கே போவாங்கள். இவங்களை என்னெண்டு கணிக்கிறது?" என்று பழியை நாட்டின் மேல் போட்டுவிடுவார். பிழை விட்டேன் என்று அவர் ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை. முப்பத்திரண்டு வருடப் பழக்கம். முதலில் அகதிகள் விடுதியில் ஒரே அறை, பிறகு ஒரே தொழிற்சாலை, இப்போது இருவருக்கும் ஓய்வூதியம். "டேய் தம்பித்துரை" என்று அவர் என்னோடு சண்டை பிடிக்காத வாரம் குறைவு.

அவருடைய கட்டிடத்தின் கீழ்வீட்டில் ஹான் என்ற கொரியர் இருந்தார். எழுபதுகளில் இங்கே நிலக்கரிச் சுரங்கத்துக்கு ஆள் எடுத்தபோது வந்தவர். ஜெர்மன்காரியான மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் லிசா பீலெஃபெல்டிலிருந்து சனிக்கிழமைகளில் வந்து பார்ப்பாள். இந்த வருடம் தை மாதம் ஹானின் நுரையீரலில் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்த மனிதருக்கு ஒரே ஒரு யோசனைதான்: யூன் மூன்றாம் திகதி கொரியாவில் நடக்கும் உள்ளூராட்சித் தேர்தல். அவருடைய ஊர் மாவட்டத்தின் தலைவர் பதவிக்கு எதிர்க்கட்சி சார்பில் நின்றது ஹானின் ஒரே தம்பி.

தம்பி அவரோடு பேசுவதில்லை. நாற்பத்தேழு வருடமாக. தாய் செத்தபோது ஹான் சுரங்க ஒப்பந்தத்தை விட்டுப் போகவில்லை. மூத்த மகன் பெட்டிக்கு முன்னால் நடக்க வேண்டிய இடத்தில் பதினைந்து வயதுத் தம்பி தாயின் படத்தை ஏந்திக்கொண்டு தனியாக நடந்தான். "அவன் இந்த ஒன்றிலாவது வெல்ல வேண்டும். வெல்வானா?" என்று ஹான் தன் உடைந்த ஜெர்மனில் கேட்டார்.

அண்ணை தன் உடைந்த ஜெர்மனில் வழக்கமான கேள்வியைப் போட்டார். ஹான் ஊரிலிருந்த பழைய பள்ளித்தோழனுக்குத் தொலைபேசி எடுத்து விசாரித்தார். ஆளும் கட்சி வேட்பாளர் செத்தவீடுகளுக்குச் செயலாளரைத்தான் அனுப்புவாராம். தம்பியோ யார் செத்தாலும் போய் மூன்று நாளும் நின்று, பெட்டி தூக்கிவிட்டுத்தான் வருவாராம். தாய்க்குத் தனியே நடந்ததிலிருந்து அவருக்கு அப்படி ஒரு பழக்கம் என்று தோழன் சொன்னார். கருத்துக்கணிப்புகள் அந்த மாவட்டத்தில் ஆளும் கட்சிக்கே வெற்றி என்றன. அண்ணை கையை மேசையில் தட்டி, "உன் தம்பியின் கட்சிதான். எழுதி வை" என்றார். அன்றைக்கு ஹான் ஒரு கோப்பை சோறு முழுதாகச் சாப்பிட்டாராம். லிசா சொன்னாள்.

தேர்தலுக்குப் பதினொரு நாள் இருக்கும்போது, மே இருபத்துமூன்றில், ஹான் இறந்துபோனார்.

அன்று பின்னேரம் லிசா மேல்வீட்டுக்கு வந்தாள். நானும் அங்கேதான் இருந்தேன். சித்தப்பாவுக்கு இப்போதே சொல்வதா, தேர்தல் முடிந்து சொல்வதா என்று கேட்டாள். அப்பா விரும்பியது சித்தப்பாவின் வெற்றியை என்று சொல்லி அழுதாள்.

நான் முந்திக்கொண்டேன். "முடியட்டும் அண்ணை. இப்ப சொன்னால் அந்த மனிசன் குழம்பிப்போகும். பிறகு சொல்லலாம்."

அண்ணை என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கப்போவதில்லை.

நான் ஏற்கெனவே ஒருமுறை சொன்ன சொற்கள் அவை. தொண்ணூற்றைந்தில் கொழும்பிலிருந்து விடுதிக்கு ஒரு தொலைபேசி வந்தது. யாழ்ப்பாணத்தில் அண்ணையின் தாய் செத்துவிட்டார். எடுத்தவன் நான். அண்ணையின் அகதி வழக்குக்கு நீதிமன்றத்தில் மூன்று வாரத்தில் ரெர்மின், விசாரணைத் தவணை. அழுது குழம்பி அங்கே போய்ப் பிழையாக ஏதும் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தேன். ஒளித்தேன். அறையில் இருந்த மற்றவர்களின் வாயையும் அடைத்தேன். வழக்கு வென்ற பிறகு சொன்னபோது எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவும் முடிந்திருந்தது. எப்படியும் அவரால் போயிருக்க ஏலாது, நல்லதுதானே செய்தேன் என்று இவ்வளவு காலமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் அப்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "அண்டைக்கு நான் சிரிச்சுக்கொண்டு காட்ஸ் விளையாடினனான்."

இப்போது அவர் லிசாவிடம், "உடனே சொல்லு" என்றார்.

"அவர் தோத்துப்போவார் அண்ணை" என்றேன்.

"ஓம். தோப்பார். சொல்லட்டும்."

லிசா பள்ளித்தோழன் மூலமாகச் சொன்னாள். நாலாம் நாள் தம்பி வந்து இறங்கினார். பிரசாரத்தின் நடுவில் அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தார். அறுபத்திரண்டு வயது, கறுப்புக் கோட்டு, கையில் ஒரு சின்னப் பெட்டி. வெள்ளிக்கிழமை அடக்கம். அதிக சனமில்லை. பழைய சுரங்கக்காரர் சிலர், லிசாவின் சினேகிதிகள், நாங்கள் இருவர். தம்பி தமையனின் படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பெட்டிக்கு முன்னால் நடந்தார். குழி மூடும்வரை நின்றார். பிறகு நிலத்தில் விழுந்து வணங்கினார், எழும்பப் பிந்தினார். அண்ணைதான் கைகொடுத்துத் தூக்கிவிட்டார். இருவருக்கும் பொதுவாக ஒரு பாஷை கிடையாது. கையை மட்டும் கொஞ்ச நேரம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

யூன் நாலாம் திகதி லிசா வீட்டைத் துப்புரவாக்க வந்தபோது முடிவைச் சொன்னாள். தம்பி நூற்று நாற்பத்தொரு வோட்டால் தோற்றுவிட்டார். அவர் இங்கே வந்துபோன ஆறு நாளும் எதிராளி தெருத்தெருவாய்த் திரிந்திருக்கிறார்.

அவள் போன பிறகு, என் பழக்கம் விடாது, "கணக்குப் பிழைச்சுப்போச்சு அண்ணை" என்றேன்.

"ஓம், பிழைச்சுப்போச்சு" என்றார். முதல் தடவையாக ஒப்புக்கொண்டார். பார்த்தால் கண்ணீர் ஓடுகிறது, துடைக்கக்கூட இல்லை.

"தோத்ததுக்கோ அழுறியள்?"

"இல்லையடா. அவனுக்குச் சொன்னாங்களடா, தம்பித்துரை."

முப்பத்தொரு வருடமாக என் வாயில் வராத சொல்லை அப்போதுதான் சொன்னேன். "என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ, அண்ணை."

அவர் எழும்பி உள்ளே போனார். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"நாளைக்கு ஊன்ட்றொப் அம்மன் கோயிலுக்குப் போவம். அங்கை என்ரை அம்மாவுக்கு ஒரு விளக்குக் கொளுத்தோணும். நீயும் வா" என்றார். வாசல்வரை வந்து, "வேட்டி கட்டிக்கொண்டு வா. செத்தவீட்டுக்கு வாற மாதிரி வா" என்றார்.

போனேன். கடைசிவரை நின்றேன்.