எல்லைக்கல்லுக்கு எந்தப் பக்கம் இடித்தது?

கார் இன்ஷூரன்ஸ் விற்கிறவன் தெருவில் வந்தால், கார் இல்லாதவர்கள்கூட எதிர்ச்சாரிக்கு மாறிவிடுவார்கள். புதுச்சேரியில் நான் ஏழு வருஷம் அந்தத் தொழில் பார்த்தேன். பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு துணிக்கடை மாடியில் ஓர் அறை, ஒரு மேசை, வாசலில் ஒரு பேர்ப்பலகை. தலைமை அலுவலகம் மெட்ராஸில்.

பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிய புதிது அது. நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்துவிட்டது. ஆனால் ஒப்பந்தத்துக்குப் பாரீஸில் இன்னும் ஒப்புதல் கிடைக்கவில்லை. அதனால் சட்டப்படி பார்த்தால் ஊர் பிரான்ஸுடையது, நடைமுறையில் இந்தியாவுடையது. இதை நீங்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை, என் கம்பெனி வைத்துக்கொண்டது. பாலிசியின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டு, பிறகு தலையில் கை வைத்து உட்கார்ந்தவர் யாராவது இதைப் படித்தால், அவர் என் கட்சி.

குடும்பத்துக்கு ஒரு பாஸ்

என் முதல் வாடிக்கையாளர் முசியே அந்துவான். பிரெஞ்சுக் காலத்தில் கோர்ட்டில், அவர் பாஷையில் சொன்னால் திரிபுனாலில், முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்து பென்ஷன் வாங்கியவர். ஊரை விட்டுப் போன ஒரு பிரெஞ்சு அதிகாரி தன் கறுப்புக் காரை அவரிடம் விற்றுவிட்டுப் போயிருந்தார். ஊருக்குள் ஓட்டினால் அவரை யாரும் எதுவும் கேட்பதில்லை. எல்லை தாண்டிக் கடலூர்ப் பக்கம் போனால் போலீஸ்காரர் கையை நீட்டுவார். அங்கே இன்ஷூரன்ஸ் இல்லாமல் கார் ஓட்டுவது குற்றம். அந்த ஒரு காரணத்துக்காகத்தான் அவர் என் மாடி ஏறினார். சர்ட்டிபிகேட்டில் கார் நம்பர் இருக்கிறது, அந்தக் காருக்கு மட்டும்தான் அது செல்லும் என்று நான் தொண்டை வற்றச் சொல்லி அனுப்பினேன்.

பத்து நாள் கழித்துக் கடலூர் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து எனக்கு ஆள் வந்தது. போய்ப் பார்த்தால், அந்துவானின் மச்சான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வெளியே அவருடைய பச்சைக் கார். மேசைமேல் அந்துவானின் சர்ட்டிபிகேட். இரவல் வாங்கி வந்திருக்கிறார். சப் இன்ஸ்பெக்டர் என்னைத்தான் திருடனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். மூன்று மணி நேரம் கைகட்டி நின்று, இனி இப்படி நடக்காது என்று எழுதிக் கொடுத்து மீட்டு வந்தேன். எனக்கு வந்த கோபத்துக்கு நேராக அந்துவான் வீட்டுக்கே போனேன். அவர் நிதானமாகக் காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "சுங்கச் சாவடி இருந்த காலத்துல எங்க குடும்பம் மொத்தமும் ஒரே பாசுலதான் போய் வந்துச்சு தம்பி. அந்தச் சாவடிக்காரன் உன்ன மாதிரி கத்துனதே இல்ல."

மூன்றாவது ஆள்

கார் இன்ஷூரன்ஸில் இரண்டு வகை உண்டு. ஒன்று, சட்டம் கட்டாயமாகக் கேட்பது. நம் கார் இடித்து யாருக்காவது அடிபட்டால் அவருக்குக் கம்பெனி பணம் கொடுக்கும். நம் கார் நசுங்கினால் நாமே தட்டிக்கொள்ள வேண்டியதுதான். இன்னொன்று முழு இன்ஷூரன்ஸ். அதில் நம் காருக்கு வரும் சேதம், தீ, திருட்டு எல்லாம் அடக்கம். பிரீமியமும் அதற்கேற்ப எகிறும். அந்துவான் இரண்டையும் கேட்டுவிட்டு, போலீஸ்காரர் எதைக் கேட்பாரோ அது போதும் என்று முதல் வகையை எடுத்தார்.

ஒரு நாள் மார்க்கெட் வாசலில் வாழைத்தார் ஏற்றிய மாட்டுவண்டி பின்னால் வந்து அவர் காரின் விளக்கை உடைத்துவிட்டது. உடைந்த விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு மாடி ஏறி வந்து என் மேசைமேல் வைத்தார். நான் மறுபடி ஆரம்பத்திலிருந்து சொன்னேன். முதல் ஆள் நீங்கள், இரண்டாவது ஆள் கம்பெனி, மூன்றாவது ஆள் நீங்கள் இடிக்கப் போகிறவர், உங்கள் பாலிசி அவருக்காக மட்டும்தான் என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, அந்த மூன்றாவது ஆளுக்கு ஒரு குறையும் வராது, அதற்கு நான் பொறுப்பு என்று மார்தட்டவும் செய்தேன். எனக்கு இப்போதும் சுடுகிற வார்த்தை அது. அவர் விளக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டு கேட்டார்: "காசு என்னுது, காரு என்னுது, பலன் மட்டும் நான் மூஞ்சியே பாக்காதவனுக்கா?"

அந்த மூஞ்சியைப் பார்த்த நாள்

முத்தியால்பேட்டை முடிந்து கோட்டக்குப்பம் தொடங்கும் இடத்தில் ரோட்டோரம் ஓர் எல்லைக்கல் உண்டு. கல்லுக்குத் தெற்கே புதுச்சேரி, வடக்கே இந்தியா. ஒரு சாயங்காலம் மில்லில் வேலை முடிந்து கோவிந்தன் என்ற தறிக்காரர் சைக்கிளில் கோட்டக்குப்பத்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். பின்னால் அந்துவானின் கார். குறுக்கே ஓர் ஆடு வந்தது. ஆட்டைத் தப்பவிட்ட அந்துவான் சைக்கிளை இடித்துவிட்டார். கோவிந்தனுக்கு முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் எலும்பு முறிந்தது. அந்துவான் ஓடிப்போகவில்லை. தானே தூக்கி வண்டியில் போட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு எனக்கு ஆள் அனுப்பினார்.

நாளெல்லாம் தறி முன்னால் நின்று வேலை செய்கிறவருக்குக் கால் போனால் என்ன ஆகும் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் மனைவி அஞ்சலை நின்றிருந்தார். அக்கம்பக்கத்தார் ஒரு வக்கீலையும் கூட்டி வந்திருந்தார்கள். கேஸ் எதற்கு, காருக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது, கோர்ட்டுக்குப் போகாமலே கம்பெனி கொடுத்துவிடும் என்று நான் அஞ்சலையிடம் சொன்னேன். அந்துவான் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, பாலிசியின் பின்பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் பேசுகிறாயா என்று கேட்டார். எனக்கே பாடமா என்று எரிச்சல்தான் வந்தது. அஞ்சலை வக்கீலிடம் போய் ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார். "வக்கீல் வாணாம்னு அனுப்பிட்டேன் அண்ணே. உங்க வாய் வார்த்தைய நம்பித்தான் நிக்கிறேன்."

அளக்க வந்தவர்

கோவிந்தனுக்கு நஷ்டஈடு கேட்டுத் தலைமை அலுவலகத்துக்கு எழுதிப் போட்டேன், இரண்டு மாதம் பதிலே இல்லை. பிறகு ஒரு கடிதம் வந்தது. பாலிசி இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும், விபத்து நடந்த இடம் புதுச்சேரி என்று தெரிகிறது, அது சட்டப்படி இன்னும் இந்தியா அல்ல, ஆகவே இடத்தை அளந்து பார்க்க ஒருவரை அனுப்புகிறோம் என்று எழுதியிருந்தார்கள். படித்ததும் பாலிசியின் பின்பக்கத்தைத் திருப்பினேன். இருந்தது, பொடி எழுத்தில், ஆறாவது வரியில். முன்பக்கத்தில் புதுச்சேரி விலாசம், புதுச்சேரி கார் நம்பர். மூன்று வருஷமாக பிரீமியத்துக்கு அவர்கள் அனுப்பிய ரசீதுகளிலும் அதே விலாசம். பணம் போனபோது அது எந்த நாட்டிலிருந்து வருகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

அளக்க வந்தவர் மடிப்புக் கலையாத சட்டையும் கையில் டேப்புமாக இறங்கினார். கல்லிலிருந்து ஆரம்பித்தார். டேப்பின் மறுமுனையை நான்தான் பிடித்துக்கொண்டு நடந்தேன், வெட்கமாக இருந்தது. கார் இடித்தது கல்லுக்கு இந்தப் பக்கம், ஆள் போய் விழுந்தது அந்தப் பக்கம் என்று எதிரே இருந்த டீக்கடைக்காரர் சாட்சி சொன்னார். அப்படியானால் அவர் விழுந்தது இந்தியாவில்தானே, கால் அங்கேதானே கிடந்தது என்று நான் வாதாடினேன். விழுந்த இடம் முக்கியமில்லை, இடித்த இடம்தான் முக்கியம் என்று அவர் நோட்டில் எழுதிக்கொண்டார். எனக்கு டேப்பைப் பிடுங்கி எறிய வேண்டும்போல இருந்தது. மத்தியானம் மீன் குழம்பு எங்கே நன்றாக இருக்கும் என்று விசாரித்து, வயிறாரச் சாப்பிட்டு, பஸ் ஏறும்போது என் தோளைத் தட்டினார். "நல்ல ஊர் சார் இது. கார் நிறைய ஓடுது. இன்னும் நாலு பாலிசி பிடிக்கப் பாருங்க."

நாற்பது கையெழுத்து

அதற்குப் பிறகு கோட்டக்குப்பம் பக்கம் போகவே எனக்கு முகம் இல்லை. அஞ்சலை கேட்டால் என்ன சொல்வது? கடைசியில் அந்துவான் வீட்டுக் கதவைத் தட்டினேன். நான் சொன்னேனே என்று அவர் குத்திக் காட்டவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாலிசியை முதலிலிருந்து கடைசிவரை இரண்டு தடவை படித்தார். பிறகு அவர் வாசகம் சொல்ல நான் எழுதினேன். புதுச்சேரி இந்தியா இல்லை என்றால், புதுச்சேரியில் ஓடும் கார்களுக்கு நீங்கள் விற்றது ஒன்றுமே இல்லை. ஆகவே கோவிந்தனுக்குக் கொடுங்கள், இல்லையென்றால் இந்த ஊரில் வாங்கிய பிரீமியம் அத்தனையையும் திருப்பிக் கொடுங்கள். அவ்வளவுதான் கடிதம். அதைத் தூக்கிக்கொண்டு வாடிக்கையாளர் வீடு வீடாக ஏறி இறங்கி நாற்பது கையெழுத்து வாங்கினேன். டாக்டர் போட்டார், அரிசி மில்காரர் போட்டார், கடலூர் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்த மச்சானும் போட்டார். அவரும் அதற்குள் சொந்தமாக ஒரு பாலிசி எடுத்திருந்தார்.

இரண்டு மாதம் வாய் திறக்காதவர்கள் எட்டே நாளில் பதில் போட்டார்கள். சட்டப்படி தங்களுக்குப் பொறுப்பு இல்லை, ஆயினும் கருணை அடிப்படையில் கேட்டதில் பாதி தரப்படும். கூடவே ஒரு கட்டு அச்சடித்த ஒட்டுச்சீட்டு வந்தது. அதைப் பாலிசியில் ஒட்டினால் இனிமேல் புதுச்சேரிக்குள்ளும் பாலிசி செல்லுமாம், அதற்குத் தனியாக பிரீமியம் கட்ட வேண்டுமாம். அந்துவானுக்கு ஒன்றை எடுத்துப் போனேன். வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அப்ப இவ்ளோ நாளா நீ எனக்கு வித்தது இன்னா தம்பி?"

ஒரு சொல் அடிக்கப்பட்டது

கம்பெனி அனுப்பிய ரசீதில் கோவிந்தன் கையெழுத்துப் போட்டு அனுப்பினால்தான் செக் வரும். அவர் தடியை ஊன்றி, ஒவ்வொரு படியாக என் மாடி ஏறினார். கால் குட்டையாகக் கூடியிருந்தது. இனித் தறியில் நிற்க முடியாது என்று மில்லில் அவரை வாசல் காவலுக்கு உட்கார வைத்திருந்தார்கள், சம்பளமும் இறங்கிவிட்டது. கூட வந்த அஞ்சலையின் காதில் தோடு இல்லை, ஈர்க்குச்சி இருந்தது. அந்துவானும் வந்திருந்தார். நான் ரசீதைத் தமிழில் படித்துச் சொன்னேன். கருணை என்ற சொல் வந்ததும் கோவிந்தன் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

பயந்தது நான்தான். இதை விட்டால் பணம் வராது, ஒரு வார்த்தைதானே, போட்டுவிடுங்கள் என்று கெஞ்சினேன். ஏற்கெனவே ஒரு தடவை என் பேச்சைக் கேட்டு வக்கீலை அனுப்பிவிட்டுத்தான் இந்தக் கதிக்கு வந்தார்கள் என்பது பேசப் பேச எனக்கே உறைத்தது, நிறுத்திக்கொண்டேன். அஞ்சலை புருஷனைப் பார்த்தாரே தவிர, போடு என்று சொல்லவில்லை. கோவிந்தன் சொன்னார்: "காலும் பாதிதான் வந்துச்சு, காசும் பாதிதான் வருது. சரி சார். பிச்சைன்னு எழுதி அதுல எம் பேரப் போடச் சொல்லாதீங்க."

அந்துவான் எழுந்து வந்து பேனாவை எடுத்தார். திரிபுனாலில் ஒரு பத்திரத்தில் எதையாவது அடித்தால், எத்தனை சொல் அடித்தோம் என்று ஓரத்தில் எழுதி எல்லோரும் சுருக்கொப்பம் போடுவது வழக்கம். அப்படிச் செய்தால்தான் அது செல்லும். முப்பது வருஷம் செய்த கை, நடுங்காமல் கருணையின்மேல் ஒரு கோடு இழுத்தது. ஓரத்தில் 'ஒரு சொல் அடிக்கப்பட்டது' என்று எழுதினார். அவர் போட்டார், கோவிந்தன் போட்டார், நானும் போட்டேன். அதற்குப் பிறகுதான் கோவிந்தன் அடியில் முழுப் பெயரையும் எழுதினார்.

பத்து நாளில் தலைமை அலுவலகம் கேட்டது. அச்சடித்த வாசகத்தை எந்த அதிகாரத்தில் அடித்தீர்கள்? அந்தத் தொழிலில் நான் சந்தோஷமாக எழுதிய ஒரே கடிதம் அதற்குப் போட்ட பதில்தான். சம்பவ இடம் இந்தியா அல்ல என்று தங்கள் ஆளே டேப்பு வைத்து அளந்து சொல்லிவிட்டார், ஆகவே சம்பவ இடத்து வழக்கப்படி அடித்தோம் என்று எழுதினேன். மறு தபாலில் செக் வந்தது, கடிதம் இல்லை. அடுத்த முறை பார்த்தபோது அஞ்சலையின் காதில் தோடு இருந்தது. கோவிந்தனின் கால் குட்டையாகவேதான் இருந்தது. என் பதில் கடிதத்தின் நகலை வாங்கிப் படித்துவிட்டு அந்துவான் சொன்னார்: "இப்பதான் தம்பி நீ பின்பக்கத்தப் படிக்க ஆரம்பிச்சிருக்க."

பிறகு பாரீஸில் ஒப்புதலாகி ஊர் காகிதத்திலும் இந்தியாவானது, நானும் பேர்ப்பலகையைக் கழற்றினேன். ஏழு வருஷத்தில் நான் தெரிந்துகொண்டதெல்லாம், பிரீமியம் கட்டுகிறவர் எங்கே இருந்தாலும் கம்பெனிக்கு உள்நாட்டுக்காரர், அடிபட்டவர் தன் வீட்டுக்குப் போகிற வழியிலேயே விழுந்தாலும் அந்நியர் என்பதுதான்.