வெட்டி எறிந்த முதல் சத்தம்

மந்தின் ஊரிலிருந்து ஒரு நேயர் எழுதிய கருத்தை வானொலி அறிவிப்பாளர் வாசித்தபோது, கையில் இருந்த தேநீர்க் குவளையை நான் வானொலிப் பெட்டியின் மேல் வீசாமல் இருந்ததே பெரிய விஷயம். "அமரரின் நேரடி ஒலிப்பதிவுகளில் தொடக்கத்தில் ஒரு நாராசமான சத்தம் வரும். இந்த அஞ்சலி இசைத்தட்டில் அது இல்லை. நிம்மதியாகக் கேட்க முடிகிறது" என்று அந்த மனிதர் எழுதியிருந்தார். நிம்மதியாம்! அமரர் என்றது என் அண்ணனை. அந்தச் சத்தம் எங்கள் எல்லோருக்கும் சொந்தமானது.

மலாயாவில் பெடாஸ் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் நாங்கள் கூலி வேலை செய்தோம். அண்ணன் காலையில் பால்மரம் வெட்டுவார். சனிக்கிழமை மாலைகளில் சிரம்பானுக்குப் போய், துரைமார் கிளப்பில் ஜாஸ் குழுவோடு டிரம்பெட் ஊதுவார். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு போவார். தோட்டத்தில் அதற்குப் பெரிய மரியாதை ஒன்றும் கிடையாது. "கோயில்ல நாயனம் ஊதுனா நாலு பேரு கும்பிடுவான். இந்தப் பித்தளைய ஊதி என்னாத்தடா கண்ட?" என்று அம்மா தினமும் திட்டுவார்.

வெள்ளைக்கார அரசின் அவசரகாலச் சட்டம் வந்து, தொழிலாளர் வீடுகளான லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டார்கள். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடுமாம், அதனால் ஒரு பிடி அரிசி வேலியைத் தாண்டக் கூடாது. வேலைக்குப் போகும்போது வேலிக் கேட்டில் வரிசையாக நிற்க வைத்துத் தடவிப் பார்ப்பார்கள். கொண்டையை அவிழ்த்துக் காட்டச் சொல்வார்கள். நான் வெட்டிய பாலுக்குக் கணக்கு கேட்டால் தோட்டத்து குமாஸ்தாவான கிராணியிடம் சொல்வேன். என் கொண்டைக்குள் அரிசி இல்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது? நினைத்தால் இப்போதும் உடம்பு எரிகிறது.

ஒரு சனிக்கிழமை அண்ணனின் டிரம்பெட்டுக்கும் அதே கதி வந்தது. காவலுக்கு நின்றவர் அதைத் தலைகீழாகக் கவிழ்த்தார், உலுக்கினார், வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தார். குழாய் வளைந்து வளைந்து போவதைப் பார்த்ததும் சந்தேகம் தீரவில்லை. "தியூப்! தியூப்லா!" என்றார். ஊது என்று மலாயில் உத்தரவு.

அண்ணன் ஊதினார். ராகமும் இல்லை, தாளமும் இல்லை. கன்னம் உப்ப, கழுத்து நரம்பு புடைக்க, ப்பாஆஆங் என்று ஒரே ஒரு சத்தம். மரத்துக் காக்கைகள் எல்லாம் பறந்துவிட்டன. பின்னால் நின்ற, எங்களை மேய்க்கும் மண்டோர், "அரிசி இல்ல தம்பி, போ போ!" என்றதும் வரிசையே சிரித்தது. அந்தக் கேட்டில் நாங்கள் சிரித்தது அன்றுதான். கல்யாணமாகி வந்து சில மாதங்களே ஆகியிருந்த அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

அதற்குப் பிறகு எங்கே வாசித்தாலும் அண்ணன் முதலில் அந்தச் சத்தத்தைத்தான் ஊதுவார். கொஞ்சம் நிறுத்துவார். பிறகுதான் பாட்டு. கிளப்பில் பதிவு செய்து வானொலியில் ஒலிபரப்பியபோது, அந்தச் சத்தத்துக்குப் பின் யாரோ இருமுவதுதான் கேட்டது. எங்கள் மாரியம்மன் திருவிழாவில் செய்த பதிவில் மொத்தத் தோட்டமும் "அரிசி இல்ல!" என்று கத்துகிறது, நடுவில் அண்ணியின் சிரிப்பு தனியாகக் கேட்கிறது. ஆபீஸ் வராந்தாவில் எல்லோரும் கூடி அதைக் கேட்டோம். "ஃபர்ஸ்ட் கிளாஸ். மொத சத்தம்தான் டீசண்டா இல்ல" என்றார் கிராணி. அவருக்கு ஒரு நாளும் கேட்டில் வரிசை கிடையாது.

மஞ்சள்காமாலையில் அண்ணன் போனபோது அண்ணி ஐந்து மாதக் கர்ப்பம். சிரம்பானில் சங்கீதப் பிரியர்களான சில பெரிய மனிதர்கள் அஞ்சலி இசைத்தட்டு போட முன்வந்தார்கள். பாதி அண்ணனின் பழைய பதிவுகள், பாதி மற்றவர்கள் வாசித்தது. கேட்டுப் பார்க்க எங்களைக் கூப்பிட்டார்கள். பிறக்கப்போகும் பிள்ளைக்கு அப்பன் என்று கிடைக்கப்போவது அது ஒன்றுதான் என்று அண்ணி வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

பாட்டு நேராகத் தொடங்கியது. சத்தமும் இல்லை, சிரிப்பும் இல்லை.

"மொத சத்தம் எங்கங்க ஐயா?" என்றார் அண்ணி.

"அது பிழைம்மா. சனங்க இரைச்சலையும் சேத்துச் சுத்தமா எடுத்துட்டோம்" என்றார் அவர்களில் ஒருவர்.

"பிழை இல்லீங்க." அண்ணி கேட்டில் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். அந்த மனிதர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"இந்த நேரத்துல இதெல்லாம் வெளிய பேசாதம்மா. நமக்கு ஏன்லா வம்பு?"

பிழை என்று நினைத்து வெட்டியிருந்தால் காது சரியில்லாத ஆட்கள் என்று விட்டிருப்பேன். அது என்ன என்று தெரிந்த பிறகும் வெட்டியது வெட்டியதாகவே இருந்தது. உறையில் 'குறையற்ற இசை' என்று வேறு அச்சடித்தார்கள். யாருக்குக் குறை?

மந்தின்காரரின் கருத்தை வாசித்து முடித்த அறிவிப்பாளர், இசைத்தட்டைப் போடுவதாகச் சொன்னார். ஆபீஸ் வராந்தாவில் எல்லோரும் வானொலிப் பெட்டியை நெருங்கி உட்கார்ந்தோம். ஊசி உரசும் சத்தம் மட்டும் வந்தது. அப்போது எனக்குப் பின்னால், ப்பாஆஆங்!

திரும்பினேன். அம்மா. நாயனம் நாயனம் என்று மகனை ஓயாமல் திட்டிய அம்மா, இரண்டு கையையும் வாயில் குவித்து, கண்ணில் நீர் வழிய ஊதிக்கொண்டிருந்தார். "அரிசி இல்ல!" என்று தோட்டமே கத்தியது. கிராணி எழுந்து உள்ளே போய்விட்டார். அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுகையும் சிரிப்புமாக உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகுதான் பாட்டு வந்தது.

வானொலியில் அந்தத் தட்டு வரும்போதெல்லாம் அப்படியே செய்தோம். அண்ணன் மகன் பேச்சு வருவதற்கு முன்பே அதைக் கற்றுக்கொண்டான். அவன் வளர்ந்து, முதன்முதலாகப் பெரியவர்கள் யாரும் பக்கத்தில் இல்லாமல் அந்தத் தட்டைக் கேட்டுவிட்டு ஓடி வந்து என்னிடம் சொன்னான்: "அத்தை, ரேடியோ கெட்டுப்போச்சு. அப்பா மொதல்ல ஊதுறது வரவே இல்ல."