பொட்டு வைத்த ஸ்கேனர்

போன வாரம் நான் மாட்டிக்கொண்ட கதையைச் சொல்லவா? சொல்லித்தான் ஆகவேண்டும்... தப்பு என்னுடையது.

என் தங்கை செல்விக்குப் பக்கத்து ஊரான ஆயர் குரோவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஒரு வருட கான்ட்ராக்ட். பெப்டைட் என்கிற குட்டிப் புரதத் துண்டு கொழுப்புச் சவ்வில் ஓட்டை போடுமாம். அந்தச் சவ்வை எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் போட்டோ எடுத்துத் தருவார்கள். இவள் அதை ஸ்கேன் செய்வாள். கறுப்பாகத் தெரியும் ஓட்டைகளைக் கம்ப்யூட்டர் எண்ணும்.

ஆயுத பூஜை அன்று அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். மெஷினுக்குப் பொட்டு வைக்காமல் விடலாமா? எங்கள் வீட்டில் கிரைண்டருக்கே வைப்போமே! அவள் கைகழுவப் போன நேரத்தில் ஸ்கேனர் மூடியைத் திறந்து, உள்பக்கம் தாராளமாகக் குங்குமம் வைத்தேன். மனநிறைவோடு எங்கள் ஊர் ஜாசினுக்குப் பஸ் ஏறினேன்.

மறுநாள் காலை போன்.

“அக்கா, நான் செத்தேன்லா! பெப்டைட் போடாத படத்துலயும் ஓட்டை காட்டுது. ரெண்டு மணிக்கு எங்க மேலதிகாரி டாக்டர் இதைப் பார்ப்பாரு. இது சரியில்லன்னா கான்ட்ராக்ட் ரினியூ பண்ண மாட்டாரு!”

 ஸ்கேனர் கண்ணாடியில் உதிர்ந்த என் குங்குமம்! கறுப்பு வெள்ளை ஸ்கேனில் சிவப்பும் கறுப்புதானே? சொன்னேனா? இல்லை. “மறுபடி செஞ்சு பாரும்மா” என்று போனை வைத்துவிட்டேன். திட்டுவாளே என்று பயம்... சொல்லாவிட்டால் அவள் வேலை போய்விடுமே என்று அதைவிடப் பயம்.  பதினொரு மணிக்கு மறுபடியும் பஸ் ஏறினேன்.

அவளுடைய மேலதிகாரி, ஆராய்ச்சியில் டாக்டர் பட்டம் வாங்கிய சீனர். அவர் முன்னாலேயே ஒப்புக்கொண்டேன். செல்வி பார்த்த பார்வை இருக்கிறதே... அப்பப்பா!

“வேற யாராச்சும்னா கத்தியிருப்பேன்க்கா!” என்று கத்தினாள்.

கண்ணாடியைத் துடைத்து மறுபடி ஸ்கேன் செய்தாள். பெப்டைட் போடாத படத்தில் ஓட்டையே இல்லை. போட்ட படத்தில் மட்டும் இருந்தது. செல்வி அழுதே விட்டாள். டாக்டர் கான்ட்ராக்ட் தாளை இழுத்து, பேனாவைத் திறந்தார். பிறகு மெதுவாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“வேறு எந்த மெஷினுக்கு வைத்தீர்கள்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

தராசு! பெப்டைட் பொடியை நிறுக்கும் மின்தராசு. கடைக்காரர் மகள் நான்... தராசுத் தட்டை விடுவேனா? புதுப் பொடியை அன்று காலைதான் அதில் நிறுத்திருந்தாளாம்; அதிலும் குங்குமம் கலந்திருக்குமே!  தராசை விரல் நீட்டிக் காட்டினேன்.

இதை எழுதும்வரை கான்ட்ராக்ட் தாளில் அவர் கையெழுத்து விழவில்லை.

உண்மையைச் சொல்லக் கிளம்பினால், பாதி வழியில் இறங்க ஸ்டாப் கிடையாது!