பலவேசமும் நாலு குழாயும்

காருக்கு அடியிலிருந்து பலவேசம் மறுபடியும் வெளியே வந்தார். சற்று முன் வந்தது ஸ்பேனர் எடுக்க. அதற்கு முன் வந்தது தண்ணீர் குடிக்க. இப்போது எதற்கு வந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. எழுந்து, சாரத்தை அவிழ்த்து இறுக்கிக் கட்டி, பானெட்டுக்குள் எட்டிப் பார்த்து, "ம்ஹூம், வேலைக்காகாது" என்று இன்ஜினிடமே சொல்லிவிட்டுத் திரும்பவும் அடியில் நுழைந்தார். வெளியே நீட்டிக்கொண்டிருந்த கால்கள் ஆடிக்கொண்டே இருந்தன. தூக்கத்தில்கூட அந்தக் கால் நிற்காது என்பது அவர் மனைவி சண்முகத்தாயின் புகார்.

எம். புதுப்பட்டியில் பட்டாசு வேலைக்குப் போகாத வீடு கிடையாது. பலவேசம் பார்த்தது அதிலும் பொல்லாத வேலை, வெடிமருந்து கலப்பது. அங்கே இரும்பு கூடாது, செருப்பு கூடாது, அவசரம் கூடவே கூடாது. தரையில் எதையும் இழுக்கக் கூடாது, தூக்கித்தான் வைக்க வேண்டும். வெயில் ஏறுவதற்குள் கலந்து முடித்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். காலை முழுக்க இப்படி அடிமேல் அடி வைத்து நடந்துவிட்டு வருகிற மனிதர் மத்தியானம் வீட்டில் சும்மா உட்காருவாரா? துணிக்கொடியை அவிழ்த்து வேறு பக்கம் கட்டுவார். நன்றாகச் சுற்றுகிற காத்தாடியைக் கழற்றிப் பரப்பி வைப்பார். சோற்றைக்கூட நின்றுகொண்டேதான் சாப்பிடுவார்.

கார் வந்ததிலிருந்து காத்தாடி பிழைத்துக்கொண்டது. சிவகாசியில் ஒரு அச்சக முதலாளியின் கொட்டகையில், பழைய காலண்டர் கட்டுகளுக்கு நடுவே கோழி அடைந்து கிடந்த ஃபியட் அது. "இந்தத் தீபாவளியோட மருந்துக்கு ஒரு கும்புடு. பெறகு டாக்சிதான். சாத்தூருக்கு ஒரு சவாரி, சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்கு ஒரு சவாரி, ராசா மாதிரி ஓட்டலாம்ல" என்றார் பலவேசம். சண்முகத்தாய்க்கு அந்த வார்த்தை போதும். அச்சங்குளத்துப் பட்டாசு விபத்தில் தன் தம்பியைத் துணிப் பொட்டலமாக வாங்கி வந்த நாளிலிருந்து அவள் புருஷனிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான், மருந்து அறையை விட்டு வெளியே வரச் சொல்லி. "இந்தத் தீபாவளி போகட்டும்" என்று சொல்லிச் சொல்லியே பல தீபாவளிகளை அவர் ஓட்டியிருந்தார். இந்த முறை கார் என்று ஒன்று கண்ணெதிரே நிற்கிறதே, நம்பினாள்.

அந்தக் காரின் இன்ஜின் புகையை வெளியே கொண்டுபோகிற இரும்பு வார்ப்பு விரிசல் விட்டுப்போய், புகையெல்லாம் உட்காருகிறவர் மூஞ்சிக்கே வந்தது. வேறொருவராக இருந்தால் மதுரைக்குப் போய் அதே மாதிரி பழைய வார்ப்பு ஒன்றை வாங்கி மாட்டியிருப்பார். இவர் கோயம்புத்தூருக்குக் கல்யாணத்துக்குப் போன இடத்தில், பந்தயக் கார் வேலை பார்க்கிற பட்டறையிலிருந்து ஒரு ஹெட்டரைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்து இறங்கினார். அந்த வார்ப்புக்குப் பதிலாக மாட்டுவது, வளைந்து வளைந்து இறங்கும் நாலு புகைக் குழாய்கள்.

"இதென்ன, ஆட்டுக்குடல் கணக்கா இருக்கு?" என்றாள் சண்முகத்தாய்.

"கோட்டி மாதிரி பேசாத. நம்ம மருந்து ரூமுக்கு நாலு பக்கமும் வாசல் எதுக்கு வச்சிருக்கான்? ஏதும் ஒண்ணுன்னா ஒருத்தன் மேல ஒருத்தன் முட்டாம ஓடத்தான? இன்ஜினுக்கும் அப்படித்தான். ஆளுக்கொரு வாசல் குடுத்துட்டா பிச்சுக்கிட்டுப் போவும்."

"சவாரி ஏத்துற வண்டி எதுக்குங்க பிச்சுக்கிட்டுப் போவணும்?"

இந்தக் கேள்வி அவர் காதில் விழவில்லை. இப்படிப்பட்ட கேள்விகள் விழாத காது அது.

பழைய வார்ப்பைக் கழற்றுவதற்குள் உயிர் போய்விட்டது. டீசலில் ஊறப்போட்டும் நட்டுகள் அசையவில்லை. சுத்தியலை ஓங்குவார். இரும்பு மேல் இரும்பு விழப்போகிறது என்றதும் கை அந்தரத்தில் நின்றுவிடும். அத்தனை வருடப் பழக்கம். ஈரச் சாக்கைப் போர்த்தி, மரக்கட்டையால் தட்டிப் பார்த்தார். பக்கத்து வீட்டு இருளம்மாள் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்த்தாள். "ஏ கொழுந்தா, பச்சப்புள்ளைய ஒறங்கவா வைக்க? ஓங்கிப் போடு!" கண்ணை இறுக மூடிக்கொண்டு போட்டார். ணங்! ஒன்றும் ஆகவில்லை. பலவேசம் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்க்க வேண்டுமே! அதற்கப்புறம் அடிக்க வேண்டாததையும் அடித்தார்.

ஒருவழியாக ஹெட்டர் உட்கார்ந்தது. ஆனால் அதன் கீழ்முனைக்கும் பழைய சைலன்சர் குழாய்க்கும் பொருந்தவில்லை. சிவகாசிக்குக் கொண்டுபோய் வெல்டிங் வைக்க வேண்டும். அதுவரை குழாய் வண்டிக்கடியில் வாயைத் திறந்துகொண்டு நின்றது.

"வெல்டிங் வைக்காம ஸ்டார்ட் பண்ணாதீக" என்றாள் சண்முகத்தாய். அவர் கால் ஆடுவதைப் பார்த்துவிட்டு, "பண்ணியே தீரணும்னா சாயங்காலம் பண்ணுங்க" என்றும் சொன்னாள். சாயங்காலம் பட்டாசுக் கம்பெனிகளில் வெடி போட்டுச் சோதித்துப் பார்ப்பார்கள். எவ்வளவு பெரிய சத்தம் கேட்டாலும் ஊர் தலையைத் திருப்பாது. காலையில், மருந்து கலக்கிற நேரத்தில் கேட்கும் சத்தத்துக்கு மட்டும் அந்த ஊரில் ஒரே அர்த்தம்தான். "எனக்குத் தெரியாதாக்கும்?" என்றார் பலவேசம்.

தெரியும். தெரிந்து என்ன பிரயோசனம்? மறுநாள் காலை வேலைக்குப் போனவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. சீசன் நேரம், ஆர்டர் குவிந்து கிடக்கிறது. போர்மேன் வேலுச்சாமியிடம் வயிற்றைப் பிடித்துக்காட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். சண்முகத்தாய் ஊர்க் கோடியில் காகிதக் குழாய் உருட்டும் கொட்டகைக்குப் போயிருந்தாள். புருஷன் மருந்து அறையில் இருக்கிறார் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

சாவியைத் திருப்பினார். இன்ஜின் இருமியது, பிடிக்கவில்லை. ஆக்சிலேட்டரை மிதித்து மிதித்துப் பார்த்தார். பெட்ரோல் வாடை குப்பென்று வந்தது. வேறு யாராக இருந்தாலும் கொஞ்சம் ஆறவிட்டிருப்பார்கள். அவர் மறுபடியும் திருப்பினார்.

டமார்!

குழாய்க்குள் தேங்கியிருந்த பெட்ரோல் அத்தனையும் ஒரே அடியாக வெடித்தது. ஓட்டு வீடுகள் அதிர்ந்தன. அதே கையோடு இன்ஜினும் பிடித்துக்கொண்டு உறும ஆரம்பித்தது. "புடிச்சிருச்சு! புடிச்சிருச்சுலே!" என்று ஸ்டீயரிங்கைக் குத்தினார் பலவேசம். மிதித்து மிதித்து அந்த உறுமலைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குச் சொர்க்கமே அதுதான்.

வாசலில் இருளம்மாள் வந்து நின்றாள். அவளுக்கு மூச்சு வாங்கியது. "அட பாவி, நீ இங்கனயா இருக்க? மருந்து ரூமு போயிருச்சுன்னு ஊரே ஓடுதே! ஒம்பொண்டாட்டி கம்பெனிக்கு ஓடிட்டாடா!"

பலவேசம் கார் கதவை இழுத்துச் சாத்தினார். அப்படியே வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். அந்தச் சத்தம் ஓடுகிறவர்களை இன்னும் ஓட வைத்தது. கம்பெனித் திருப்பத்தில் போர்மேன் வேலுச்சாமி நடு ரோட்டில் நின்று இரண்டு கையையும் வீசினார். "அணைலே! அடியில பொறி பறக்கு, அணை!" அணைத்தார். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஓடினார்.

கேட்டு வாசலில் பெண்கள் கூட்டம். சண்முகத்தாய் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "கலக்குற ரூமு எதுன்னு சொல்லுங்களேன், யாராச்சும் சொல்லுங்களேன்" என்று கதறிக்கொண்டிருந்தாள். திரும்பியவள் அவரைப் பார்த்தாள். கையைப் பிடித்துப் புரட்டிப் பார்த்தாள். முகத்தைத் தடவினாள். கருகல் இல்லை, கிரீஸ்தான். அப்புறம் அவர் நெஞ்சில் குத்தத் தொடங்கினாள். "சாயங்காலம்னு சொன்னேன்ல. சாயங்காலம்னு சொன்னேன்ல." சுற்றி நின்ற பெண்கள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒருத்தி மண்ணை வாரித் தூற்றினாள். பலவேசம் தலை நிமிரவில்லை. செத்துப்போகலாம் போல வெட்கமாக இருந்தது அவருக்கு.

வேலுச்சாமி மெதுவாக வந்தார். "வயித்து வலி கேட்டுருச்சா? நாளையில இருந்து நீ வர வேண்டாம். ஒரு சாயங்காலம் வரைக்கும் பொறுக்கமாட்டாதவன் கையில நான் மருந்தைக் குடுக்கமாட்டேன்."

பலவேசம் அவர் காலில் விழாத குறை. கெஞ்சினார், கும்பிட்டார். வேலுச்சாமி சண்முகத்தாய்க்குச் சித்தப்பா முறை. அவள் வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டால் மனுஷன் இளகிவிடுவார். பலவேசம் அவளைப் பார்த்தார். வேலுச்சாமியும் அதற்காகவே காத்திருந்த மாதிரி அவளைப் பார்த்தார்.

சண்முகத்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். இருவரையும் தாண்டி நடந்து, திருப்பத்தில் நின்ற காரின் பின்பக்கம் போனாள். முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகினாள். டிக்கியில் இரண்டு கையையும் ஊன்றி, அவர் வந்து சேரும்வரைகூடக் காத்திராமல், வீட்டைப் பார்த்துத் தள்ள ஆரம்பித்தாள்.