பந்தைக் கொடுக்காதவன் அனுப்பிய காசு

எங்கள் தோட்டத்து உதைபந்தாட்ட மைதானத்தை மைதானம் என்று சொல்லக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலைக்குப் பின்னால், கொழுந்து பிடிக்காத ஒரு கல்மேட்டை வெட்டிச் சமப்படுத்தியிருந்தார்கள். ஒரு பக்கம் மண் சுவர், மறுபக்கம் பள்ளம். பள்ளத்தோரமாக ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தைக் கவிழ்த்துப் போட்டு, மடியில் அயடீன் போத்தலும் பஞ்சுமாக உட்கார்ந்திருப்பவன் நான். தோட்டத்து மருந்துச் சாலையில் மருந்து கொடுப்பது என் வேலை, மருந்தையா என்பார்கள். அடிபட்டவனுக்கு அயடீன் தடவத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். கத்தச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. அந்தப் பொறுப்பை நானாகவே எடுத்துக்கொண்டேன்.

ஆட்டக்காரர்களைப் பற்றி எனக்கு உறுதியான அபிப்பிராயங்கள் இருந்தன. முக்கியமாக இருவரைப் பற்றி. ஒருவன் முன்வரிசையில் நடுவே ஆடுகிறவன். ஸ்டோரில் கொழுந்து அரைக்கும் இயந்திரத்தில் வேலை. பந்து அவன் காலுக்கு வந்துவிட்டால் அது அவனுடைய சொந்தச் சொத்து. மூன்று பேரைத் தாண்டுவான், நான்காமவனிடம் பறிகொடுப்பான், பிறகு வானத்தைப் பார்த்துத் தலையைக் கோதிக்கொள்வான். மற்றவன் இடது பக்கத்தில் பின்னால் ஆடுகிறவன், மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன். பந்து வந்த மறு நிமிடமே யாருக்காவது கொடுத்துவிடுவான். கோல் வாய் திறந்து கிடந்தாலும் பக்கத்தில் யார் நிற்கிறான் என்றுதான் பார்ப்பான். முன்னவனைப் பார்த்து "பாஸ் குடுடா" என்றும் பின்னவனைப் பார்த்து "அடிச்சித் தொலைடா" என்றும் கத்திக் கத்தியே என் தொண்டை கட்டும். திங்கட்கிழமை காலையில் பெரட்டுக் களத்தில் சுகமில்லாத ஆட்களுக்குப் பேர் பதியும்போது என் குரல் தவளைக் குரலாக இருக்கும். எல்லோருக்கும் அது ஒரு வேடிக்கை.

பொருளாதாரத்தைப் பற்றியும் எனக்கு அபிப்பிராயம் இருந்தது. அதைக் கொடுத்தது பந்துதான். தோல் பந்துக்குள்ளே இருக்கும் ரப்பர் பை ஓட்டையானது. புதியது வாங்க அட்டன் டவுனுக்குப் போனேன். கடைக்கார முதலாளி கையை விரித்தார்.

"வராதுங்க ஐயா. கப்பல்ல வர்ற சாமானுக்கெல்லாம் கட்டுப்பாடாம். வெளிநாட்டுக் காசு நாட்டுல இல்லையாம்."

"வெளிநாட்டுக் காசு எங்கேருந்துங்க வருது?"

"தேயிலையிலேருந்துதான்."

"தேயிலை யாரு பறிக்கிறா?"

அவர் சிரித்துக்கொண்டே சைக்கிள் டியூப் ஒட்டும் பசையை எடுத்துக் கொடுத்தார். லண்டனில் தேயிலை விலை விழுந்தால் எங்கள் பந்தில் காற்றுப் போகும் என்பதை அன்றைக்குத்தான் கண்டுகொண்டேன். அதற்குப் பிறகு வங்கிச் சட்டம், அந்நியச் செலாவணி என்று பத்திரிகையில் எது வந்தாலும் ஒரு வரி விடாமல் படித்தேன். புரிந்தது குறைவு. வங்கிச் சட்டமும் ஓப்சைட் மாதிரிதான்: எல்லோரும் விளக்குவார்கள், ஒருவருக்கும் தெரியாது, கொடி மட்டும் சரியான நேரத்தில் உயர்ந்துவிடும்.

கொடி எனக்கு எதிராக உயர்ந்தது அந்த வருடம்தான்.

திருச்சிப் பக்கத்தில் என் தங்கை இருந்தாள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. இரண்டு கண்ணிலும் படலம் விழுந்து, விளக்கு எரிகிறதா இல்லையா என்பது மட்டும் தெரிகிற நிலை. அறுத்து எடுத்துவிட்டால் பார்வை வரும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். காசு நான்தான் அனுப்ப வேண்டும். ஒரு கண்ணுக்கான காசு கையில் இருந்தது. அனுப்பும் வழியில்தான் தொல்லை.

இந்த நாட்டுப் பிரசாவுரிமை கேட்டு நான் போட்ட மனு பத்து வருடத்துக்கு மேலாகக் கிடந்து, அப்போதுதான் விசாரணைக்கு வரப்போகிறது என்று தகவல் வந்திருந்தது. விசாரணையில் என்ன கேட்பார்கள் என்பது லயத்து வரிசை வீடுகளில் தவழும் குழந்தைக்கும் தெரியும். 'இந்தியாவுக்குக் காசு அனுப்புகிறாயா?' அனுப்புகிறவனுக்கு மனசு அங்கே. மனசு அங்கே இருக்கிறவனுக்கு இங்கே பிரசாவுரிமை எதற்கு? இதுதான் அவர்கள் கணக்கு.

"ஆயிரம் பேரு அனுப்புறாங்க, ஒங்க பேரு மட்டுமா தெரியப்போவுது?" என்று கேட்டுவிட்டு, அடுத்த மூச்சிலேயே என் மனைவி சொன்னாள்: "ஒங்க பேருதான் மொதல்ல தெரியும். ஊரு முழுக்கக் கேக்குற மாதிரி இருமுறவரு நீங்க."

அந்தத் தைரியத்தோடு வங்கிக்குப் போனேன். அட்டனில் வங்கிக் கவுண்டரில் இருந்தவர் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர். டவுன் டீமில் ஆடுகிறவர் என்பதால் முகம் பழக்கம். அவரையும் நான் தகரத்தில் உட்கார்ந்து எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறேன். அவர் ஒரு படிவத்தை எடுத்து வைத்து, என் கையில் பேனா ஏறுவதற்குள் அதன் மேல் தன் உள்ளங்கையை வைத்தார்.

"பிரசாவுரிமைக்கு மனுப் போட்டிருக்கிறியளோ?"

"ஆமாங்க."

"அப்ப இதைத் தொடாதையுங்கோ. இதில கையெழுத்து வைச்சா, நான் இந்தியப் பிரசை எண்டு நீங்களே எழுதித் தந்த மாதிரி. கொழும்புக்கு ஒரு பிரதி போகும்."

"அப்ப யாருதாங்க அனுப்பலாம்?"

"இந்தியப் பாஸ்போட் எடுத்து, இங்க இருக்கிறதுக்கு பெர்மிட் வைச்சிருக்கிற ஆக்கள் அனுப்பலாம். மாசத்துக்கு ஒரு அளவு. சொந்தக்காரருக்கு." குரலைத் தணித்தார். "நான் ஒண்டும் சொல்லேல்லை. நீங்களும் ஒண்டும் கேக்கேல்லை."

எங்கள் டீமில் அப்படிப் பெர்மிட் வைத்திருந்தவர்கள் இரண்டே பேர். எந்த இருவர் என்று சொல்ல வேண்டியதில்லை.

முதலில் கவ்வாத்துக்காரனிடம் போனேன். கொடுத்துப் பழகியவன், கொடுப்பான் என்று. கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தவன் எழுந்து நின்று, முழுவதையும் கேட்டான்.

"கோவிச்சுக்காதீங்க ஐயா. எனக்கு விட்டுருக்க அளவு பூராவும் ஆத்தாளுக்குப் போயிருது. அதுல ஒங்க காச அனுப்புனா, எங்காசு இங்கனயே நின்னுரும். காச வச்சு நான் என்னங்க செய்ய? அது அடுப்பு அங்கதான எரியணும்."

எல்லோருக்கும் கொடுக்கிறவனிடம் மிச்சம் இருக்காது என்பது எனக்கு ஏன் முன்பே உறைக்கவில்லை? இத்தனைக்கும் பொருளாதாரம் படித்தவன்.

ஆகவே மற்றவனிடம். அவன் ஸ்டோர் வாசலில் சீப்பும் கையுமாக நின்றான். நான் சொன்னதைக் கேட்டு, கவலையே இல்லாமல் சிரித்தான்.

"நான் யாருக்குங்க அனுப்புறேன்? எனக்கு அங்க ஒருத்தருமில்ல. மெட்ராசுக்குப் போயி ஆடலாம்னுதான் பாஸ்போட்டே எடுத்தேன். அந்த அளவு சும்மாதான் தூங்குது. எடுத்துக்கங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பந்தைக் கொடுக்காதவனிடம்தான் எல்லாம் அப்படியே இருக்கிறது.

"ஆனா ஒண்ணு," என்றான். "இனிமே கிரவுண்டுல என்னையப் பாத்து 'பாஸ் குடு'ன்னு ஒரு சத்தம் வரக்கூடாது. அவமானமா இருக்கு."

ஒப்புக்கொண்டேன். காசை அவன் கையில் கொடுத்தேன். அவன் வங்கிக்குப் போய், என் தங்கையைத் தன் அத்தை என்று எழுதி அனுப்பினான். யாழ்ப்பாணத்துக்காரர் படிவத்தைப் படித்து, "நல்ல அத்தை" என்று மட்டும் சொன்னாராம். சட்டம் சத்தமில்லாமல் பள்ளத்தில் உருண்டது. நான் நிம்மதியாகத் தூங்கியிருக்க வேண்டும்.

தூங்கவிடாதது அடுத்த ஞாயிற்றுக்கிழமை. இறம்பொடைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றோடு ஆட்டம். நம்முடையவன் மைதானத்துக்குள் இறங்கியதும் நேராக என் தகரத்துக்கு வந்து, ஊரே கேட்கும்படி, "சித்தப்பா, இந்தக் கால்ல கொஞ்சம் மருந்து தடவுங்க" என்றான்.

அத்தையின் அண்ணன் சித்தப்பாதானே. உறவு முறையில் பிழையே இல்லை. என் நாடியை நானே பிடித்துப் பார்த்தேன். அந்தத் துடிப்பில் ஒரு நோயாளி வந்திருந்தால் நானே நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பேன்.

"எப்பத்திலேருந்துடா சித்தப்பா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"எல்லாம் புதுசுதான்," என்றான் அவன், தலையைக் கோதிக்கொண்டு.

ஆட்டம் ஆரம்பித்தது. அவன் மூன்று பேரைத் தாண்டினான். இடது பக்கத்தில் கவ்வாத்துக்காரன், அன்றைக்கென்று முன்னால் ஏறி, ஒருவரும் அண்டாமல் தனியாக நின்றான். என் வாய் திறந்தது. மூடிக்கொண்டேன். நான்காமவன் பந்தைப் பறித்தான். மறுபடியும் அதே மாதிரி. மறுபடியும். நான் பஞ்சை எடுத்துக் கடித்தேன்.

"மருந்தையா, வாயில பிளாஸ்திரி போட்டுருக்கீங்களா?"

"சித்தப்பாவுல்ல. விட்டுக்குடுப்பாரா?"

நான் சிரித்தேன். அந்த மாதிரிச் சிரிப்பை நோயாளிகளிடம் பார்த்திருக்கிறேன். பேதிமருந்து குடித்த பிறகு வருவது. ஒரு கோல் வாங்கித் தோற்றோம். வீட்டுக்கு வந்து வயிற்று மருந்தில் பாதிப் போத்தலைக் குடித்தேன். அளவு மூன்று தேக்கரண்டி என்று அந்தப் போத்தலில் எழுதி ஒட்டியவனே நான்தான்.

அடுத்த நாள் அவனைத் தனியாகப் பிடித்தேன்.

"டேய், சித்தப்பா வேணாம்டா. விசாரண முடியுற வரைக்குமாச்சும்."

"அப்பறம் அத்தைய மட்டும் வச்சுக்கவா? யாராச்சும் கேட்டா என்னங்க சொல்றது, அந்தரத்துல தொங்குற அத்தைன்னா?" என்றான். பிறகு கொஞ்சம் மெதுவாக, "எனக்குச் சித்தப்பான்னு கூப்புட ஆளில்லாம இருந்திச்சு. அதான்," என்றான்.

நான்கு மாதக் காசு ஒரு கண்ணுக்குப் போதும் என்று கணக்கு. நான்கு மாதமும் அனுப்பினான். ஒரு தடவையும் தவறவில்லை. அந்த நான்கு மாதமும் நான் மைதானத்தில் ஊமையாகவே உட்கார்ந்திருந்தேன். டீமும் தோற்றுக்கொண்டே இருந்தது. தங்கைக்கு வலது கண் திறந்தது. இடது கண்ணுக்குக் காசு சேர்த்துக்கொண்டிருக்கும்போது விசாரணைக்கு அழைப்பு வந்தது.

நுவரெலியாவில், கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில், நீண்ட வாங்கு ஒன்றில் வரிசையாக உட்கார வைத்தார்கள். அதிகாரி சிங்களவர், பண்பானவர், இங்கிலீசில் கேட்டார். பிறப்பு, வேலை, பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னேன். பிறகு வந்தது.

"இந்தியாவில் யார் இருக்கிறார்கள்?"

"ஒரு தங்கை, சார். விதவை."

"அவளை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?"

இதற்கு மூன்று பதில்களை மனைவியோடு உட்கார்ந்து பாடம் செய்திருந்தேன். மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து ஓடிவிட்டன. எனக்குப் பயம் வந்தால் வாயில் வேடிக்கை வரும். அது என் வியாதி. அன்றைக்கு வந்தது அதைவிட மோசம், உண்மை.

"ஒரு சென்டர் போவர்ட், சார்."

அவர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். "நல்லா ஆடுவானா?"

"நல்லா ஆடுவான், சார். ஆனால் யாருக்கும் பந்து கொடுக்க மாட்டான்."

"அப்படிப்பட்டவன் எப்படி உன் தங்கையைப் பார்த்துக்கொள்கிறான்?"

"அதுதான் சார், எங்கள் யாருக்குமே புரியவில்லை," என்றேன்.

இன்னும் கொஞ்சம் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, தாளில் ஒரு வரி எழுதினார். என் மற்றப் பதில்களுக்கெல்லாம் ஒரு சொல், இரண்டு சொல்தான் எழுதியிருந்தார். இதற்கு ஒரு முழு வரி. தலைகீழாகப் படிக்கக் கழுத்தை நீட்டிப் பார்த்தேன். முடியவில்லை. "முடிவு வீட்டுக்கு வரும்," என்றார்.

வரவில்லை. அந்த வரியை நான் எத்தனையோ விதமாக எழுதிப் பார்த்துவிட்டேன். 'வேடிக்கையான மனிதன்' என்று எழுதியிருப்பார் என்று சில நாட்களில் தோன்றும். மற்ற நாட்களில் தோன்றுவதை எழுத வேண்டாம்.

இதற்குள் முன்வரிசைக்காரனின் பெர்மிட் முடிந்தது, நீட்டிக் கொடுக்கவில்லை. நானுஓயாவில் ரயில் ஏற்றிவிடப் போனோம். நானும் கவ்வாத்துக்காரனும்தான், அவன் வருவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ரயில் கிளம்பும்போது ஜன்னலிலிருந்து, "அத்தையப் போயிப் பாத்துட்டுத்தான் மெட்ராசு," என்று சத்தம் போட்டான். பிளாட்பாரத்தில் ஒரு போலீஸ்காரர் நின்றிருந்தார். நான் கையை ஆட்டினேனா, வாயைப் பொத்திக்கொள் என்று காட்டினேனா என்று எனக்கே தெரியாது.

போயிருக்கிறான். தங்கை பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கொண்டு எழுதியிருந்தாள்: யாரோ ஒருவன் அத்தை என்று கூப்பிட்டுக்கொண்டு வந்தான், வயிறாரச் சாப்பிட்டான், என்ன கேட்டாலும் பந்தாட்டத்தைப் பற்றியே சொன்னான், போய்விட்டான். ஒரு கண்ணே போதுமாக இருக்கிறது, அண்ணன் சிரமப்பட வேண்டாம்.

இடது கண்ணுக்கான காசை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனேன். யாழ்ப்பாணத்துக்காரர் படிவத்தை எடுத்தார். ஆனால் என் பக்கம் தள்ளவில்லை.

"முடிவு வந்திட்டுதோ?"

"இல்லீங்க."

"என்ன செய்யப் போறியள்?"

எனக்குப் பின்னால் ஆட்கள் நின்றார்கள். ஏதாவது வேடிக்கையாகச் சொல்லலாம் என்று பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. அவர் என்னை அவசரப்படுத்தாமல் பக்கத்துத் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். கடைசியில் காசை மறுபடி சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அது நடந்து இரண்டு வருடமாகிறது. காசு இன்னும் இங்கேதான் இருக்கிறது. ஒரு கண் போதும் என்றுதான் ஒவ்வொரு கடிதத்திலும் தங்கை எழுதுவிக்கிறாள். போதாது. வாரம் முழுக்க இந்தத் தோட்டத்துக் கண்களுக்கெல்லாம் மருந்து போடுகிறவன் நான். படலம் அப்படியே கிடந்தால் அந்தக் கண் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.